புரட்டிப் படுக்கவைக்க ஒரு கை

இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்த ஒரு மூதாட்டியை வீட்டுக்கு அனுப்பும் நாள் எப்படி இருக்கும் என்பது தமிழ்நாட்டில் பல குடும்பங்களுக்குத் தெரியும். காப்பீட்டுக் காகிதங்களில் கையெழுத்து முடிகிறது. டிஸ்சார்ஜ் சம்மரி கைக்கு வருகிறது. எலும்பில் எதைப் பொருத்தினார்கள் என்று அதில் இருக்கும். ஏழெட்டு மாத்திரைகளின் பெயர் இருக்கும். தையல் பிரிக்க எப்போது வர வேண்டும் என்றும் இருக்கும். அதுவரை அவரை எப்படிப் புரட்டுவது, எந்தப் பக்கம் சாய்த்துப் படுக்கவைப்பது, படுக்கையிலேயே மலம் கழித்தால் எப்படித் துடைப்பது, எந்த நாளில் எழுப்பி உட்காரவைப்பது என்று ஒரு வரிகூட இருக்காது. ஆம்புலன்ஸ் டிரைவரும் பக்கத்து வீட்டுப் பையனும் பெட்ஷீட்டோடு தூக்கிக் கட்டிலில் கிடத்திவிட்டுப் போகிறார்கள். அதன் பிறகு அந்தக் கட்டிலருகே நிற்பவள் ஒரு பெண். மருமகளாகவோ மகளாகவோ இருப்பாள். அவளுக்கு யாரும் எதையும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்கு ஓராண்டுக்குள் இறந்துபோகிறார்கள் என்பது பல நாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வது. அவர்களில் பலரைக் கொண்டுபோவது எலும்பு அல்ல. படுக்கைப் புண், நுரையீரல் சளி, சிறுநீர்த் தொற்று, சாப்பாடு இறங்காமல் உடல் கரைவது ஆகியவைதான் அந்தக் காரணங்கள். பக்கவாதம் வந்தவர்களுக்கும், பார்க்கின்சன் முற்றியவர்களுக்கும், மறதி நோயில் படுக்கையோடு கிடப்பவர்களுக்கும் இதே கதைதான். மூத்தோரின் கடைசி ஆண்டுகளை முடிவுசெய்வதில் மருந்துக்கு இருக்கும் பங்கைவிடப் பராமரிப்புக்கு இருக்கும் பங்கு பெரிது. அந்தப் பராமரிப்பை நம் அரசுகள் இன்னும் மருத்துவமாகப் பார்க்கவில்லை. அதைக் குடும்பத்தின் பாசக் கணக்கில் எழுதி வைத்திருக்கின்றன.

படுக்கைப் புண்ணை எடுத்துக்கொள்வோம். அது எப்படி வருகிறது என்று தெரிந்தால் வராமல் தடுத்துவிடலாம். உடலில் எலும்பு தோலுக்கு மிக அருகே இருக்கும் இடங்கள் சில உண்டு. முதுகுத்தண்டு முடிகிற இடம், இடுப்பின் இரண்டு பக்கங்கள், குதிகால், கணுக்கால், தோள்பட்டை, பின்மண்டை. அசையாமல் கிடக்கும்போது எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவே தோல் நசுங்குகிறது. அங்கே ரத்தம் ஓடுவது நின்றுபோகிறது. சில மணி நேரத்திலேயே உள்ளே சதை சாகத் தொடங்கிவிடும். முதல் அறிகுறி சிவப்பு என்று புத்தகங்கள் சொல்லும். நம்முடைய கறுத்த தோலில் சிவப்பு எங்கே தெரியும்? தொட்டுப் பார்க்க வேண்டும். அந்த இடம் சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும், நிறம் கொஞ்சம் கருத்திருக்கும். இந்தக் கட்டத்தில் கவனித்து அழுத்தத்தை நீக்கிவிட்டால் அது ஆறிவிடும். தவறவிட்டால் மேலே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தெரிகிற புண், உள்ளே எலும்புவரை குழிந்திருக்கும். பிறகு மாதக்கணக்கில் டிரெஸ்ஸிங். காய்ச்சல். ரத்தத்தில் கிருமி கலந்து மரணம். சாவுக்கு வந்தவர்களிடம் “வயசாயிடுச்சு, பாவம்” என்று சொல்லி முடித்துவிடுவோம்.

தடுக்கும் வழி ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும். முழுதாக ஒருக்களிக்க வேண்டியதில்லை, முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை வைத்துச் சற்றே சாய்த்தாலே போதும். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் குதிகால் படுக்கையைத் தொடாது. மேலே நகர்த்தும்போது அக்குளில் கைகொடுத்து இழுக்கக் கூடாது, தோல் உரசிக் கிழியும். இடுப்புக்குக் கீழே குறுக்காக ஒரு துணியைப் போட்டு இரண்டு பேர் அதைப் பிடித்துத் தூக்கி நகர்த்த வேண்டும். ஈரம் தங்கக் கூடாது. முட்டையோ பருப்போ தினமும் உள்ளே போக வேண்டும். இவ்வளவுதான். இதைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாததால் வீடுகளில் நடப்பதோ வேறு. நடுவில் ஓட்டை உள்ள ரப்பர் வளையத்தை வாங்கி அடியில் வைக்கிறார்கள், அது சுற்றிலும் ரத்த ஓட்டத்தை இன்னும் இறுக்குகிறது. கருத்த இடத்தை ஸ்பிரிட் போட்டுத் தேய்க்கிறார்கள், உள்ளே நைந்த சதை மேலும் நைகிறது. பவுடரை அள்ளிக் கொட்டுகிறார்கள், வியர்வையில் அது கட்டிதட்டி அறுக்கிறது. ஆயிரக்கணக்கில் செலவழித்து ஏர் பெட் வாங்கிப் போட்டுவிட்டு, இனிப் புரட்ட வேண்டியதில்லை என்று நம்புகிறார்கள். இத்தனையும் அக்கறையில் செய்பவை என்பதுதான் நெஞ்சைப் பிசைகிறது.

புண்ணாவது கண்ணுக்குத் தெரியும். வயதின்மேல் பழிபோட்டுவிட்டு நாம் கவனிக்காமல் விடும் அறிகுறிகள் அதைவிட அதிகம். நேற்று இரவுவரை தெளிவாகப் பேசிக்கொண்டிருந்த பெரியவர், இன்று காலை சொந்த மகனைப் பார்த்து “நீ யாருப்பா?” என்கிறார். சுவரில் யாரோ ஏறுவதாகச் சொல்கிறார். வீட்டில் உள்ளவர்கள் மறதி நோய் வந்துவிட்டது என்று முடிவுகட்டுகிறார்கள். சிலர் மந்திரிக்கக் கூட்டிப்போகிறார்கள். மறதி நோய் ஒரே இரவில் வராது, மாதங்களும் ஆண்டுகளுமாக மெல்ல வரும். ஒரு நாளில் வருகிற குழப்பம் உடம்புக்குள் ஏதோ அவசரம் என்பதன் அறிவிப்பு. சிறுநீர்த் தொற்று, நிமோனியா, நான்கைந்து நாள் மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய தூக்க மாத்திரை ஆகிய எதுவும் காரணமாகலாம். ரத்தத்தில் சோடியம் குறைந்திருக்கலாம். “உப்பு குறைஞ்சிருச்சாம்” என்று நம் ஊர்களில் அடிக்கடி கேட்கிறோமே, அதுதான். முதியவர்களுக்குத் தொற்று இருந்தும் காய்ச்சல் அடிக்காமல் போகக்கூடும் என்பதால் தெர்மாமீட்டரை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. உடனே மருத்துவமனைக்குப் போனால் பெரும்பாலும் தெளிந்துவிடும் நிலை இது.

தண்ணீர் இன்னொன்று. சாயங்காலத்துக்கு மேல் ஒரு வாய் தண்ணீர் குடிக்காத பாட்டிகள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். தாகம் இல்லாமல் இல்லை. ராத்திரி எழுந்து கழிப்பறைக்குப் போக வேண்டுமே, யாரை எழுப்புவது என்கிற கூச்சம். கழிப்பறை வீட்டுக்கு வெளியே கொல்லையில் இருந்தால் பயமும் சேர்ந்துகொள்ளும். அந்தக் கூச்சத்திலிருந்தே தொற்றும் மலச்சிக்கலும் தலைசுற்றலும் தொடங்குகின்றன. ரத்த அழுத்த மாத்திரை போட்டவர் இருட்டில் சடாரென்று எழுந்து நிற்கும்போது தலை சுற்றி விழுகிறார். சர்க்கரைக்கு ஒரு டாக்டர், இதயத்துக்கு ஒருவர், மூட்டு வலிக்கு ஒருவர் என ஆளாளுக்கு எழுதிய மாத்திரைகளை ஒரே மேசையில் கொட்டி, எது இனியும் தேவை, எதை நிறுத்தலாம் என்று பார்க்க யாரும் இல்லை. கழிப்பறைச் சுவரில் ஒரு கைப்பிடி, படுக்கையருகே ஒரு சின்ன விளக்கு, கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஒரு கமோடு நாற்காலி ஆகியவை எத்தனையோ இடுப்பெலும்புகளைக் காப்பாற்றும். படுத்த நிலையிலேயே கஞ்சி ஊட்டினால் அது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவாகும், நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டி அரை மணி நேரமாவது அப்படியே வைத்திருக்க வேண்டும் என்ற ஒரே ஒரு தகவலும் அப்படித்தான்.

முதியோரைப் பற்றி நம் மேடைகளிலும் பத்திரிகைகளிலும் பேச்சு எழும்போதெல்லாம் அது பிள்ளைகள் கைவிட்டார்கள் என்ற புலம்பலிலேயே போய் நிற்கிறது. முதியோர் இல்லம் என்ற சொல்லைக் கேட்டதும் கண்ணீர் விடுகிறோம். கைவிடப்பட்டவர்கள் இருக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால், நம் மாநிலத்துப் பெரியவர்களில் மிகப் பெரும்பான்மையோர் வீட்டில்தான், குடும்பத்தார் நடுவில்தான் படுத்துக் கிடக்கிறார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களைப் பற்றித்தான் பேச்சே இல்லை. எழுபது வயது மனைவி எழுபத்தெட்டு வயதுக் கணவரைத் தூக்கி உட்காரவைத்துத் தன் முதுகெலும்பை நொடித்துக்கொள்கிறார். மகன் பெங்களூரிலோ துபாயிலோ இருக்கிறார், பணம் வருகிறது, ஆள் வர முடியவில்லை. கூலி வேலைக்குப் போகிற மருமகள் மாமியாருக்காக வேலையை விடுகிறாள். அவள் இழந்த கூலி எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. இரவில் இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் எழுந்து புரட்ட வேண்டிய ஒருத்தி எத்தனை மாதம் தூங்காமல் இருப்பாள்? ஒரு கட்டத்தில் அவள் எரிந்து விழுந்தால் ‘கொடுமைக்காரி’ என்று உறவுக்காரர்கள் சொல்வார்கள். ஒருநாள் வந்து ஆப்பிளும் ஆரஞ்சும் வைத்துவிட்டுப் போகிறவர்கள் அவர்கள்.

இது சில வீடுகளின் கதை என்று ஒதுக்க முடியாது. மத்திய அரசு அமைத்த மக்கள்தொகைக் கணிப்புக் குழுவின் அறிக்கைப்படி, 2021இல் தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 60 வயது கடந்தவர்கள் 13.6 சதவீதம். அதாவது, ஒரு கோடிக்கும் மேல். 2031இல் இது 18.2 சதவீதமாக உயரும் என்கிறது அதே கணிப்பு. கேரளத்துக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய மாநிலங்களில் நாம்தான் மூத்துக்கொண்டிருக்கிறோம். நாடு முழுவதும் 60 கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருக்கலாம் என்று 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. மறதி நோய்க்காரர்கள் ஒவ்வொருவரும் ஒரு கட்டத்தில் இன்னொருவரின் முழு நேரத்தைக் கேட்பார்கள்.

முதியோர் மருத்துவத்தில் தமிழகம் பின்தங்கிய மாநிலம் அல்ல. மருத்துவர் வி.எஸ்.நடராஜன் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கான புறநோயாளிப் பிரிவைத் தொடங்கியது 1978இல். இந்தியாவில் பலருக்கு அப்படியொரு துறை உண்டு என்பதே தெரியாத காலம் அது. முதியோர் மருத்துவத்தில் எம்.டி. படிப்பும் சென்னை மருத்துவக் கல்லூரியில்தான் முதலில் வந்தது. கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது, சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைகளை வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுக்கிறது. 2025 ஆகஸ்டில் தொடங்கிய ‘தாயுமானவர்’ திட்டத்தில் முதியவர்களின் வீட்டுக்கு ரேஷன் பொருட்கள் வருகின்றன. 70 வயதைக் கடந்த எல்லோருக்கும் வருமான வரம்பின்றி ஆண்டுக்கு ரூ.5 லட்சம் மருத்துவக் காப்பீடு என்று மத்திய அரசு 2024 அக்டோபரில் கொண்டுவந்தது.

இவையெல்லாம் நல்லவை. மனதாரச் சொல்கிறேன். ஆனால், அரிசி வாசலுக்கு வருகிறது, மாத்திரை வாசலுக்கு வருகிறது, புரட்டிப் படுக்கவைக்க ஒரு கை மட்டும் வாசலைத் தாண்டி உள்ளே வருவதில்லை. காப்பீடு மருத்துவமனைப் படுக்கைக்குப் பணம் கொடுக்கிறது, வீட்டுப் படுக்கைக்குக் கொடுப்பதில்லை. மக்களைத் தேடி மருத்துவத்தில் வலி நிவாரண, ஆதரவு சிகிச்சைக்கான செவிலியரும் இயன்முறை மருத்துவரும் இருக்கிறார்கள், வட்டாரத்துக்கு ஒருவர் என்ற கணக்கில். ஒரு ஒன்றியத்தில் சராசரியாக 1 லட்சம் பேர் வசிக்கிறார்கள் என்றால் 60 கடந்தவர்கள் மட்டும் 12,000க்குக் குறைய மாட்டார்கள். அந்த ஒற்றைச் செவிலியர் எத்தனை வீட்டுக்குப் போவார்? முதியோர் உதவித்தொகையில் மத்திய அரசின் பங்கு 60 முதல் 79 வயதுவரை மாதம் 200 ரூபாய். 2007இலிருந்து அது நகரவேயில்லை. மாநில அரசு தன் பங்கைச் சேர்த்து மாதம் 1,200 ரூபாய் தருகிறது. நாளைக்கு மூன்று டயாபர் என்று வைத்துக்கொண்டால் அந்தப் பணம் இரண்டு வாரம் தாங்காது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் பிள்ளைகளிடமிருந்து ஜீவனாம்சம் வாங்கித்தரும், அரசு மருத்துவமனையில் தனி வரிசையும் படுக்கையும் வேண்டும் என்று சொல்லும். வீட்டில் கிடப்பவரைப் பற்றி அரசின் கடமை என்ன என்று அது சொல்வதில்லை.

இந்த இடத்தில் பேசக் கூசுகிற ஒன்றையும் பேசியாக வேண்டும். விருதுநகர், மதுரை, தேனி வட்டாரங்களில் ‘தலைக்கூத்தல்’ என்ற பெயரில், படுத்த படுக்கையான முதியவர்களைக் குடும்பத்தாரே சாவுக்கு அனுப்பும் வழக்கம் இருந்தது, இருக்கிறது என்று செய்திகள் வந்திருக்கின்றன. அதை வைத்துத் திரைப்படங்களும் வந்துவிட்டன. அது கொலை. எந்த மரபின் பெயராலும் அதை நியாயப்படுத்த மாட்டேன். ஆனால், அதற்கு ஆளாவது எந்த முதியவர் என்று கவனிக்க வேண்டும். நடமாடுகிறவர் அல்ல. மாதக்கணக்கில் எழாமல் கிடப்பவர், புண் வைத்தவர், சாப்பாடு இறங்காதவர். தினக்கூலியில் ஓடும் வீடு, ஒருவர் பார்த்துக்கொள்ள உட்கார்ந்தால் அடுப்பு எரியாது. அந்த வீட்டுக்கு ஆண்டுக்கணக்கில் ஒரு செவிலியர்கூட வந்ததில்லை, வலிக்கு ஒரு மருந்தும் கிடைத்ததில்லை. போலீஸ் வழக்கால் மட்டும் இதை நிறுத்திவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. வாரம் இருமுறை ஒரு செவிலியர் போய்வருகிற வீட்டில் அந்த எண்ணம் எழுவதே கடினம். வருகிறவர் துணை, சாட்சியும்கூட.

நகரங்களில் பணம் உள்ளவர்கள் ஏஜென்சிக்கு போன் செய்கிறார்கள். ‘ஹோம் நர்ஸ்’ என்று அனுப்பப்படுகிற பெண் பெரும்பாலும் நர்ஸ் அல்ல. ஏதோவொரு மாவட்டத்திலிருந்து, கடனாலோ கணவர் இல்லாததாலோ சென்னைக்கு வந்தவர். சில நாள் பார்த்துப் பழகியதே பயிற்சி. அவரிடம் இன்சுலின் ஊசியும் மூக்கு டியூபில் உணவு கொடுப்பதும் ஒப்படைக்கப்படுகின்றன. 24 மணி நேர வேலை என்றால் உண்மையாகவே 24 மணி நேரம்தான், கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் படுத்து, ஒவ்வொரு முனகலுக்கும் எழ வேண்டும். குடும்பம் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு ஏஜென்சிக்குப் போகிறது. வார விடுமுறை கிடையாது, முதுகு பிடித்துக்கொண்டால் மருத்துவச் செலவு அவருடையது. நம் அப்பா அம்மாவின் உடம்பை நாம் ஒப்படைத்திருப்பது இவரிடம். அவருக்கு ஆறு மாதப் பயிற்சியும் சான்றிதழும் எட்டு மணி நேர ஷிப்டும் வேண்டும் என்று கேட்பது அவருக்காக மட்டும் கேட்பதல்ல.

பக்கத்தில் கேரளத்தைப் பார்க்கலாம். கோழிக்கோட்டில் 1993இல் மருத்துவர்கள் எம்.ஆர்.ராஜகோபால், சுரேஷ் குமார் முதலியோர் தொடங்கிய வலி நிவாரணச் சங்கம், 2001க்குப் பிறகு அக்கம்பக்கத்துத் தொண்டர்களின் வலைப்பின்னலாக மலப்புரம் போன்ற மாவட்டங்களில் பரவியது. 2008இல் அரசு அதற்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. முக்கியமான விஷயம், வீட்டுப் பராமரிப்பு உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பானது. பஞ்சாயத்துப் பணத்தில் செவிலியர் ஒருவர் வண்டியில் வீடு வீடாகப் போகிறார். புண்ணுக்குக் கட்டுப்போடுகிறார், யூரின் டியூப் மாற்றுகிறார், வீட்டுப் பெண்ணுக்குப் புரட்டக் கற்றுக்கொடுக்கிறார். புற்றுநோய்க்காரர்களுக்கு என்று தொடங்கியது இன்று படுக்கையில் கிடக்கும் எல்லோருக்குமானது. கேரளம் நம்மைவிடப் பணக்கார அரசு அல்ல.

ஜெர்மனி 1995லும் ஜப்பான் 2000லும் நீண்ட காலப் பராமரிப்புக்கென்றே தனிக் காப்பீடு தொடங்கின. ஜப்பானில் 40 வயதிலிருந்து எல்லோரும் பணம் கட்டுகிறார்கள். அங்கே 65 கடந்தவரிடம் என்ன நோய் என்று கேட்பதில்லை, குளிக்க, உடுத்த, எழுந்து நடக்க எவ்வளவு உதவி வேண்டும் என்று அளந்து பார்த்து, அதற்கேற்ப ஆளும் சேவையும் தருகிறார்கள். ஜெர்மனியில் வேலையைக் குறைத்துக்கொண்டு பெற்றோரைப் பார்த்துக்கொள்பவருக்கு ஓய்வூதியச் சந்தாவைக் காப்பீடே கட்டுகிறது. அந்த அளவுக்கு நாளைக்கே போக முடியாது. ஆனால், ‘எவ்வளவு உதவி வேண்டும்’ என்கிற அந்தக் கேள்வியை நம் சுகாதாரத் தன்னார்வலர்கள் மாத்திரை கொடுக்கப் போகும்போதே கேட்டுக் குறித்துவிடலாம். ஆறு மாதத்தில் எந்த ஊரில் எத்தனை பேர் எழ முடியாமல் கிடக்கிறார்கள் என்ற பட்டியல் கையில் இருக்கும். இன்று அந்தப் பட்டியல் இல்லாமலேயே திட்டம் தீட்டுகிறோம்.

தமிழ்நாட்டில் நர்சிங் படித்தவர்களுக்குப் பஞ்சமில்லை, தனியார் மருத்துவமனைகளில் சொற்பச் சம்பளத்துக்கு நிற்கிறார்கள் அல்லது விமானம் ஏறுகிறார்கள். 12,500 ஊராட்சிகளுக்கும் ஆளுக்கொரு செவிலியர் என்று தொடங்க முடியாவிட்டால், ஐந்து ஊராட்சிக்கு ஒருவர் என்று தொடங்கட்டும். அந்தச் செவிலியரோடு ஒன்றியத்துக்கு ஒரு கிடங்கும் வேண்டும். ஏர் பெட், வாக்கர், கமோடு நாற்காலி, தலைப்பக்கம் உயர்த்தும் கட்டில் ஆகியவற்றை இரவல் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். ஒரு வீட்டில் பெரியவர் காலமானதும் பரணில் தூசி படிகிற வாக்கர் அடுத்த தெருவில் ஒருவருக்குத் தேவைப்படுகிறது. அரசு மருத்துவமனைகளில், படுத்த நிலையில் வீட்டுக்குப் போகும் நோயாளியை அனுப்புமுன், வீட்டில் பார்த்துக்கொள்ளப்போகிறவரை வார்டுக்கு அழைத்து, ஸ்டாஃப் நர்ஸ் முன்னிலையில் அவர் கையாலேயே இரண்டுமுறை புரட்டவும், துடைக்கவும், ஊட்டவும் செய்துபார்க்கச் சொல்ல வேண்டும். அது முடிந்ததாகக் கையெழுத்தாகாமல் டிஸ்சார்ஜ் சம்மரி முழுமையாகாது என்று விதி வேண்டும். வார்டில் ஆள் பற்றாக்குறை, நேரமில்லை என்பார்கள். புண்ணோடு அதே நோயாளி ஒரு மாதத்தில் திரும்பி வந்தால் ஆகும் நேரத்தை ஒப்பிட்டுப் பார்க்கட்டும். வேலையை விட்டுப் பார்த்துக்கொள்பவருக்கு மாதம் ஒரு தொகை வேண்டும், அது முதியவரின் உதவித்தொகையிலிருந்து தனியாக, பார்த்துக்கொள்பவரின் பெயரிலேயே வர வேண்டும்.

இன்னொரு கோரிக்கையும் இருக்கிறது, பார்த்துக்கொள்கிற பெண்கள் வாய்விட்டுக் கேட்கத் தயங்குவது. அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் போக முடியவில்லை, தனக்கே கர்ப்பப்பை ஆபரேஷன் செய்ய வேண்டும், தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன், ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கி மூன்று வருஷம் ஆகிறது என்பார்கள். தாலுகா மருத்துவமனைகள் ஒவ்வொன்றிலும் நான்கு படுக்கைகளை இதற்கென்று ஒதுக்கலாம். ஆண்டுக்கு இரண்டுமுறை, ஒரு வாரம், நோய் எதுவும் முற்றாவிட்டாலும் அந்த முதியவரை அங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த ஒரு வாரத்தில் புண் இருக்கிறதா என்று பார்க்கலாம், மாத்திரைகளைச் சீர்படுத்தலாம், இயன்முறைப் பயிற்சி கொடுக்கலாம். அவள் கல்யாணத்துக்குப் போய்வருவாள். இதற்குப் புதுச் சட்டமோ பெரிய கட்டடமோ தேவையில்லை, சுகாதாரத் துறை ஓர் அரசாணை போட்டால் அடுத்த மாதமே தொடங்கிவிடலாம்.